கான்சர்டினா: வாங்குவதிலிருந்து முதல் வரிசை வாசிப்பது வரை

இணையத்தில் கான்சர்டினா என்று தேடினால் சுருள் சுருளான முள்கம்பி வேலிதான் முதலில் வரும். விரித்தால் நீளும், மடித்தால் சுருங்கும் என்பதால் இந்த வாத்தியத்தின் பெயரை அந்தக் கம்பிக்கு வைத்துவிட்டார்கள். "ஆங்கிலோ கான்சர்டினா" என்று சேர்த்துத் தேடுங்கள். இரண்டு கைக்குள் அடங்கும் ஒரு அறுகோணப் பெட்டி, நடுவில் மடிப்பு மடிப்பாகத் துருத்தி, இரு பக்கமும் சின்னச் சின்னப் பொத்தான்கள் தெரியும். இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

உள்ளே இருப்பது நமக்குப் பழகிய சங்கதி. ஆர்மோனியத்திலும் சுருதிப்பெட்டியிலும் இருக்கிற அதே வகை ரீடுகள்: காற்று போகும்போது ஒரு உலோக நாக்கு அதிர்ந்து ஒலி கொடுக்கும். அக்கார்டியனிலிருந்து இது எங்கே வேறுபடுகிறது என்றால், இதில் ஒரு பொத்தானை அழுத்தினால் ஒரு நேரத்தில் ஒரே ஸ்வரம்தான் ஒலிக்கும். அக்கார்டியனின் இடது கையில் இருப்பதுபோல் தயார்நிலைக் கார்டுகள் (பல ஸ்வரங்கள் ஒன்றாக ஒலிப்பவை) இதில் இல்லை.

வாங்கும் முன்பே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஆர்மோனியத்தைப் போலவே இதிலும் கமகம் வராது. ஸ்வரத்தை அசைக்கவோ வழுக்கவோ வழி கிடையாது. தோடியும் பைரவியும் வாசிப்பதுதான் உங்கள் கனவு என்றால் வயலினோ புல்லாங்குழலோ கற்றுக்கொள்ளுங்கள். துள்ளலான மெட்டு, நடனத் தாளம், கைக்கடக்கமான ஒரு வாத்தியம் வேண்டும் என்பவர்களுக்கு இதைப்போல் இன்பம் தருவது குறைவு.

படி 1: என்ன வாசிக்க ஆசை என்று முடிவு செய்யுங்கள்

எல்லோரும் முதலில் விலையைப் பார்க்கிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன், அது தவறு. கான்சர்டினா என்பது ஒரே வாத்தியம் அல்ல. வெளியில் ஒன்றுபோலத் தெரியும் மூன்று வகைகள் உள்ளே முற்றிலும் வேறானவை. ஒன்றில் பழகிய விரல் இன்னொன்றில் உதவாது. அதனால் முதல் வாரம் காசு செலவழிக்காமல் கேளுங்கள்.

அயர்லாந்தின் கிளேர் கவுண்டிதான் ஐரிஷ் கான்சர்டினாவின் தாய்வீடு. கில்ரஷ் ஊரைச் சேர்ந்த எலிசபெத் கிராட்டியின் பழைய பதிவுகளில் ஆரம்பியுங்கள். அவசரமே இல்லாத, கால் தானாகத் தாளம் போடவைக்கும் வாசிப்பு. அதே கவுண்டிக்காரரான நோயல் ஹில் அடுத்து. அப்புறம் மாரிஸ் என்ற இங்கிலாந்து நாட்டுப்புற நடனத்துக்கு வாசித்த வில்லியம் கிம்பர். ஆக்ஸ்ஃபோர்டு அருகே ஹெடிங்டன் குவாரியில் 1899 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அவர் வாசித்ததைக் கேட்டுத்தான் நாட்டுப்பாடல்களைச் சேகரித்த செசில் ஷார்ப்புக்கு இந்த நடன மெட்டுகளின் மேல் கவனம் திரும்பியது. கிராட்டி மெட்டை மட்டும் கோர்த்துக்கொண்டு போவார். கிம்பர் வலது கையில் மெட்டும் இடது கையில் கார்டுமாக வாசிப்பார். இரண்டில் எது உங்களை இழுக்கிறது என்று பாருங்கள்.

படி 2: மூன்று வகைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

ஆங்கிலோ: தள்ளினால் ஒரு ஸ்வரம், இழுத்தால் வேறு ஸ்வரம். மௌத் ஆர்கனில் ஊதினால் ஒன்று, உறிஞ்சினால் ஒன்று வருகிறதே, அதே கணக்கு. சின்ன வயதில் மௌத் ஆர்கன் ஊதியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். இதன் வேர் ஜெர்மனியில். கெம்னிட்ஸ் நகரின் கார்ல் ஃபிரீட்ரிஷ் ஊலிக் 1834இல் கொண்டுவந்த பெட்டியின் ஸ்வர அமைப்பும் லண்டன் பட்டறைகளின் கட்டுமானமும் சேர்ந்து உருவானது ஆங்கிலோ. ஐரிஷ் மெட்டுக்கும் மாரிஸ் நடனத்துக்கும் பெரும்பாலோர் கையில் எடுப்பது இதைத்தான்.

இங்கிலீஷ்: தள்ளினாலும் இழுத்தாலும் அதே ஸ்வரம். இதை உருவாக்கியவர் சார்லஸ் வீட்ஸ்டோன். ஆமாம், பிளஸ் டூ இயற்பியலில் சமனச்சுற்று படித்தோமே, அதே வீட்ஸ்டோன். மேற்கத்திய இசைக்குறிப்பில் கோட்டின்மேல் வரும் ஸ்வரங்கள் ஒரு கைக்கு, இடைவெளியில் வருபவை மறு கைக்கு என்று பிரித்திருக்கிறார். ஸ்கேல் வாசித்தால் கைகள் மாறி மாறி வேலை செய்யும். நோட்டேஷன் படிக்கத் தெரிந்தவர்களுக்கும் பாட்டுக்குத் துணை வாசிக்க விரும்புபவர்களுக்கும் ஏற்றது. முழு அளவுக்கு 48 பொத்தான்.

டூயட்: இதிலும் இரு திசையிலும் ஒரே ஸ்வரம். தாழ்ந்தவை இடது கையில், உயர்ந்தவை வலது கையில். பியானோ வாசித்தவர்களுக்குப் பிடிக்கும், ஆனால் கற்றுத்தர ஆள் கிடைப்பது அரிது.

எதில் தொடங்குவது என்று குழப்பமாக இருந்தால் ஆங்கிலோவையே சொல்வேன். திசை மாறும்போதெல்லாம் ஒரு சின்னத் துள்ளல் தானாக வந்துவிடும். நடன மெட்டுக்கு உயிரே அதுதான். கீழே உள்ள படிகளும் ஆங்கிலோவுக்கே.

படி 3: 30 பொத்தான், சி/ஜி

கடையில் 20 பொத்தான் மலிவாகக் கிடைக்கும். அதில் இரண்டு வரிசை, ஒன்று சி ஸ்கேல், இன்னொன்று ஜி ஸ்கேல். போதும் என்று தோன்றும். ஆனால் ஐரிஷ் மெட்டுகளில் ஏராளமானவை டி ஸ்கேலில் இருக்கின்றன. அதற்கு எஃப் ஷார்ப், சி ஷார்ப் இரண்டும் வேண்டும். எஃப் ஷார்ப் ஜி வரிசையில் இருக்கிறது. சி ஷார்ப் இரண்டு வரிசையிலும் இல்லை, 30 பொத்தானின் மூன்றாவது வரிசையில்தான் வரும். அந்த ஒரு ஸ்வரத்துக்காகவே 30 வாங்கலாம்.

படி 4: எந்தத் தரத்தில் வாங்குவது

மிக மலிவான பெட்டிகளைத் தவிர்த்துவிடுங்கள். நான் முதலில் வாங்கியது அப்படி ஒன்று, ஒரு கடையிலிருந்து தபாலில் வந்தது. துருத்தி விறைத்துப் போயிருந்தது. இரண்டாவது வாரமே ஒரு பொத்தான் உள்ளே போய் மாட்டிக்கொண்டது. மூன்று மாதம் என் கையைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். நல்ல பெட்டி கைக்கு வந்த அன்றுதான் கை சரியாக இருந்தது தெரிந்தது. புதிதாகக் கற்பவருக்கு மோசமான வாத்தியம் செய்யும் பெரிய கெடுதல் இதுதான்.

தொடங்குபவர்களை மனதில் வைத்தே கான்சர்டினா கனெக்‌ஷன் நிறுவனம் மூன்று பெட்டிகள் செய்கிறது: ஆங்கிலோவுக்கு ரோஷெல், இங்கிலீஷுக்கு ஜாக்கி, டூயட்டுக்கு எலீஸ். சில நூறு டாலரில் முடியும். இந்தியாவுக்கு வரவழைத்தால் அனுப்பும் செலவையும் சுங்க வரியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். இவை சற்றுப் பெரியவை, ஒலியில் அக்கார்டியன் சாயல் இருக்கும். ஆனால் விரல் வைக்கும் இடங்கள் சரியானவை என்பதால் இங்கே கற்றது வீண் போகாது.

அதற்கு மேலே அக்கார்டியன் ரீடு போட்ட நடுத்தரப் பெட்டிகள். உச்சியில், பழைய முறைப்படி பித்தளைச் சட்டத்தில் எஃகு நாக்கு பொருத்திக் கையால் செய்பவை. விலை ஆயிரக்கணக்கான டாலர், காத்திருப்பும் நீளம்.

லாஷனால், வீட்ஸ்டோன், ஜெஃப்ரிஸ் ஆகிய பழைய லண்டன் பட்டறைகளின் பெட்டிகளின் அழகில் மயங்காதவர் இல்லை. ஆனாலும் பழுது பார்க்காத பழைய பெட்டியை முதல் வாத்தியமாக வாங்காதீர்கள். அருகில் சரிசெய்யத் தெரிந்தவர் இல்லாத நமக்கு அது பெரும் அலைச்சல்.

படி 5: கையில் வாங்கியதும் சோதியுங்கள்

எந்தப் பொத்தானையும் தொடாமல் ஒரு முனையை மட்டும் பிடித்து, மறு முனையை மெதுவாகத் தொங்கவிடுங்கள், கீழே இன்னொரு கையைத் தயாராக வைத்துக்கொண்டு. துருத்தி நிதானமாக இறங்கினால் நல்லது. சட்டென்று விழுந்தால் எங்கோ காற்று கசிகிறது.

பிறகு ஒவ்வொரு பொத்தானையும் தள்ளியும் இழுத்தும் கேளுங்கள். 30 பொத்தானுக்கு 60 ஒலி. பொறுமையாக அறுபதையும் கேட்கத்தான் வேண்டும். தாமதமாகப் பேசுவது, கரகரப்பது, பொத்தானை விட்ட பிறகும் முனகுவது எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பழைய பெட்டி என்றால் செல்போனில் ட்யூனர் வைத்துச் சுருதியையும் பாருங்கள். அந்தக் காலத்துப் பெட்டிகள் பல இன்றைய பொதுச் சுருதியான ஏ 440ஐவிடத் தூக்கலான சுருதியில் இருக்கும். தனியாக வாசிக்கலாம், மற்றவர்களோடு சேர முடியாது.

படி 6: பிடிக்கும் விதம்

கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்காருங்கள். இரு கைகளையும் வாருக்குள் நுழைத்து, கட்டைவிரல்களை வெளியே விடுங்கள். வார் இறுக்கிப் பிடிக்கக் கூடாது. உள்ளங்கையைக் கொஞ்சம் தூக்கி இறக்க இடம் இருக்க வேண்டும். பெட்டியின் ஒரு முனையைத் தொடைமேல் ஊன்றுங்கள், அது அசையக் கூடாது. மறு முனை மட்டும் போய் வரட்டும். துருத்தியின் மடிப்புகள் தொடையில் உரசினால் சீக்கிரம் தேயும்.

வலது கட்டைவிரலுக்கு ஒரு தனிப் பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் ஒலி வராது, காற்று மட்டும் போகும். வாசிக்காதபோது துருத்தியை மூடுவதும் திறப்பதும் எப்போதும் இதை அழுத்திக்கொண்டுதான். எதையும் அழுத்தாமல் பலமாக இழுத்தால் துருத்தி கெட்டுவிடும்.

படி 7: ச ரி க ம

சி ஸ்கேல் என்பது நமக்குச் சங்கராபரணம். அதனால் ஸ்வரம் சொல்லியே கற்கலாம், எனக்கு அதுதான் எளிதாக இருந்தது. நடு வரிசைதான் சி வரிசை. இடது கையில் அந்த வரிசையின் ஐந்து பொத்தான்களைச் சுண்டுவிரல் பக்கத்திலிருந்து எண்ணுங்கள்.

மூன்றாவது பொத்தான், நடுவிரல்: தள்ளினால் ச, இழுத்தால் ரி.
நான்காவது, ஆள்காட்டி விரல்: தள்ளினால் க, இழுத்தால் ம.
ஐந்தாவது, அதே ஆள்காட்டி விரலை நகர்த்தி: தள்ளினால் ப, இழுத்தால் த.
வலது கையில் நடு வரிசையின் முதல் பொத்தான், ஆள்காட்டி விரல்: இழுத்தால் நி, தள்ளினால் மேல் ச.

கடைசியில் மட்டும் வரிசை புரளுவதைக் கவனியுங்கள். தள்ளு இழு, தள்ளு இழு, தள்ளு இழு என்று வந்துவிட்டு, முடிவில் இழு தள்ளு. எல்லோரும் தடுமாறும் இடம் த-வுக்கும் நி-க்கும் நடுவில்தான். இரண்டும் ஒரே இழுப்பில் வரவேண்டும், நடுவில் திசையை மாற்றக் கூடாது. இந்த இரண்டு ஸ்வரத்தை மட்டும் தனியாக ஐம்பது முறை வாசியுங்கள்.

இதே விரல் அசைவை உள்ளங்கைக்கு அருகில் உள்ள ஜி வரிசையில் செய்து பாருங்கள். அங்கேயும் சங்கராபரணமே வரும், சி வரிசையின் ப-வை ஆதார சட்ஜமாக வைத்து. முதல் நாளே இரண்டு வெவ்வேறு சுருதிகளில் வாசிக்கிறோம் என்ற மகிழ்ச்சி கிடைக்கும்.

படி 8: சரளியும் ஜண்டையும்

சரளி வரிசையை மாயாமாளவகௌளையில்தான் படித்திருப்போம். இங்கே அதையே சங்கராபரண ஸ்வரங்களில் வாசியுங்கள். ஜண்டை வரிசை இன்னும் உபயோகம்: ச ச, ரி ரி என்று இரட்டித்து வரும்போது துருத்தியைத் திருப்பாமல் விரலை மட்டும் எடுத்து வைக்கப் பழகலாம். விரல் வேலை வேறு, துருத்தி வேலை வேறு என்று கைக்குப் புரிவது அங்கேதான்.

துருத்தி முழுக்க விரிந்துவிட்டதா? வாசிப்பை நிறுத்தாமல், தள்ளும் ஸ்வரம் வரும்போது காற்றுப் பொத்தானை ஒரு கணம் சேர்த்து அழுத்துங்கள். பாடகர் சந்தியில் மூச்செடுப்பதைப் போலத்தான்.

கார்டு வேண்டுமானால் இடது நடு வரிசையின் மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது பொத்தான்களைச் சேர்த்துத் தள்ளுங்கள், சி மேஜர் வந்துவிடும்.

படி 9: முதல் மெட்டுகள்

முத்துசாமி தீட்சிதரின் நோட்டு ஸ்வர சாகித்யங்கள் இதற்கென்றே செய்ததுபோல் பொருந்தும். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் இங்கே ஒலித்த மேற்கத்திய மெட்டுகளுக்கு அவர் சமஸ்கிருதத்தில் வரி எழுதினார். எல்லாம் சங்கராபரண ஸ்வரங்கள், கமகம் தேவையில்லை. நாவில் ஏற்கெனவே இருப்பதால் விரல் தானாக வழி கண்டுபிடிக்கும். நான்கைந்து வந்ததும் ஜி ஸ்கேலில் போல்கா என்ற ஐரிஷ் நடன மெட்டில் எளிதான ஒன்று, அப்புறம் டி ஸ்கேல். தினமும் இருபது நிமிடம் போதும், ஆனால் தினமும்.

படி 10: பெட்டியைக் காப்பது

கடலோர ஊர்களின் ஈரக்காற்றுக்கு எஃகு ரீடு துருப்பிடிக்கும், தோல் பூசணம் பிடிக்கும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பைகள் இரண்டு போட்டு வையுங்கள், மழைக்காலத்தில் அடிக்கடி மாற்றுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுப் போகாதீர்கள். வாசிக்கும்போது எந்த நிலையில் இருக்குமோ அதே நிலையில், பொத்தான்கள் பக்கவாட்டில் பார்க்கும்படி வையுங்கள். நிமிர்த்தி வைத்தால் உள்ளே இருக்கும் தோல் வால்வுகள் நாளடைவில் தொங்கிப்போகும்.

ஒரு ஸ்வரம் திடீரென்று ஊமையானால் பதற வேண்டாம், பெரும்பாலும் தூசிதான். அந்தப் பொத்தானை அழுத்தித் துருத்தியைச் சற்றே பலமாக நாலைந்து முறை இழுத்துத் தள்ளுங்கள். அதற்கும் சரியாகாவிட்டால்தான் திருகாணிகளைக் கழற்ற வேண்டும். அப்போது ஒரு காகிதத்தில் அறுகோணம் வரைந்து, எந்த ஆணி எந்த மூலையிலிருந்து வந்ததோ அந்த மூலையிலேயே குத்தி வையுங்கள். பழைய பெட்டிகளில் ஒவ்வொரு ஆணியும் தன் துளைக்கே பழகியிருக்கும்.