கோடு மட்டமானால் வேலை நின்றுவிட்டது என்று எழுதாதீர்கள்

கடலூரில் பயாலஜி டியூஷன் எடுக்கிறேன். வரைபடத்தில் ஏறி வந்த கோடு மட்டமாகிற இடத்தில், அதுதான் பிளாட்டோ, பாதிப் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு 'வளர்ச்சி நின்றுவிட்டது' என்று எழுதிவிட்டுப் போகிறார்கள்.

பாக்டீரியாவில் அந்தக் கட்டத்துக்கு அர்த்தமே வேறு. உணவு தீர்ந்து கழிவு சேரச் சேர, புதிதாக உண்டாகிற செல்லும் சாகிற செல்லும் சரிக்குச் சரியாகிவிடுகின்றன, அதனால்தான் மொத்தக் கணக்கு நகரவில்லை. உள்ளே வேலை நடந்துகொண்டேதான் இருக்கும். பெனிசிலியம் பூஞ்சை பெனிசிலினைப் பெருமளவு சுரப்பதே வளர்ச்சி மந்தமான பிறகுதான். கல்லூரி லேபில் இன்னொரு தவறு: கலங்கலை அளக்கிற கருவி செத்த செல்லையும் சேர்த்தே காட்டும், ரீடிங் 1-ஐத் தாண்டினால் உள்ளதைவிடக் குறைத்தும் காட்டும். நீர்க்கச் செய்து மறுபடி அளக்காமல் பிளாட்டோ வந்துவிட்டது என்று ரெக்கார்டில் எழுதாதீர்கள்.

இதயத் தசை சமாசாரத்திலும் இதே கதைதான். ஒவ்வொரு துடிப்பிலும் செல்லை விட்டு வெளியேறும் பொட்டாசியத்தை உள்ளே வரும் கால்சியம் ஈடுகட்டுவதால் செல்லின் மின்னழுத்தம் சுமார் 200 மில்லிசெகண்ட் இறங்காமல் நிற்கிறது. அந்த நேரத்தில் அடுத்த தூண்டுதல் எடுபடாது, அதனால் கைகால் தசைபோல இதயம் விடாமல் இறுகிப்போகாது. இதை 'ஓய்வு நிலை' என்று எழுதினால் மார்க் போச்சு.

ஒளிச்சேர்க்கையில் விழுகிற அடி வேறு மாதிரி. வெயில் கூடக்கூட இலை கூடுதலாக வேலை செய்யும் என்று நினைக்கிறோம், ஆனால் நெல் இலையின் கோடு நம்மூர் மே மாத முழு வெயிலுக்கு வெகுமுன்பே மட்டமாகிவிடும். 1905-இல் தாவரவியலாளர் பிளாக்மன் சொன்னபடி, எது பற்றாக்குறையோ அதுதான் வேகத்தைத் தீர்மானிக்கும், இங்கே அது பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு. அப்புறம் நெல்லிக்குப்பம் பக்கத்துக் கரும்பைப் பாருங்கள்: அது சி4 பயிர், கார்பன் டை ஆக்சைடை இலைக்குள்ளேயே செறிவாக்கிக்கொள்ளும், அதனால் கோடு முழு வெயில் வரைக்கும் ஏறிக்கொண்டே போகும். நெல்லின் வரைபடத்தைக் கரும்புக்கும் போட்டுவிட்டு வருகிறவர்கள் வருஷா வருஷம் உண்டு.

ஒற்றை இலையில் எடுத்த கோட்டை வயலுக்கும் அப்படியே பொருத்தாதீர்கள். மேல் இலைக்கு வெயில் போதும் போதும் என்றிருக்கும்போதே கீழ் இலைகளுக்கு நிழலில் வெளிச்சம் பற்றாது, ஆகவே மொத்தப் பயிரின் கோடு அவ்வளவு சீக்கிரம் மட்டமாகாது.