சவானாவின் பழைய வீட்டு விடுதியில் அறை பிடிப்பது எப்படி?

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 1733-இல் உருவான நகரம் சவானா. அதன் பழைய பகுதியில் 19-ஆம் நூற்றாண்டு வீடுகள் பல, காலை உணவோடு அறை தரும் 'பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட்' விடுதிகளாகிவிட்டன. இவற்றில் வீட்டைப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள், அறையைப் பார்த்துக் கட்டுங்கள். ஒரே கூரையின் கீழ் ஓர் அறை அருமையாகவும் இன்னொன்று தூங்கவே முடியாததாகவும் இருக்கும்.

காரணம் கட்டுமானம்தான். தெருவிலிருந்து உயரமான படிகள் ஏறினால் வருவது 'பார்லர்' தளம். கூரை உயரம், ஜன்னல்கள் பெரியவை; ஆனால் சாப்பாட்டுக்கூடமும் இங்கேதான் என்பதால் காலையில் பாத்திரச் சத்தம் கேட்கும். அதன் கீழே தெரு மட்டத்தில் 'கார்டன் லெவல்'. குளுமையானது, வாடகையும் பெரும்பாலும் குறைவு. ஆனால் கூரை தாழ்வு, ஈர வாடை வரலாம், மேலே நடப்பவர்களின் காலடி மரத்தளம் வழியே அப்படியே இறங்கும். அமைதிக்கு மேல்மாடி நல்லது. பல வீடுகளில் லிஃப்ட் இல்லை, படிகள் குறுகலானவை. பெரிய பெட்டிக்குப் பதில் இரண்டு சிறிய பைகள் கொண்டுபோங்கள்.

சதுக்கத்தைப் பார்த்த அறையில் காட்சி அழகு, ஆனால் இரவில் பேய்க்கதை சுற்றுலாக் குழுக்கள் ஜன்னலுக்குக் கீழே நின்று பேசும். பின்சந்துப் பக்கம் என்றால் விடியலில் குப்பை வண்டி.

முட்டி வலி உள்ள பெரியவர்கள் வருகிறார்களா? படிகள் எத்தனை, குளியல் தொட்டியா ஷவரா என்று தொலைபேசியில் கேளுங்கள். சிறு கால்களின் மேல் நிற்கும் பழைய வார்ப்பிரும்புத் தொட்டியின் விளிம்பைத் தாண்டி ஏறுவது சிரமம். உரிமையாளரே குடியிருந்து 5 அறைகளுக்கு மேல் வாடகைக்கு விடாத வீட்டுக்கு மாற்றுத்திறனாளிகள் அணுகல் சட்டத்திலிருந்து விலக்கு உண்டு. சாய்தளம் இருக்கும் என்று நீங்களாக எண்ணிக்கொள்ள வேண்டாம். சிறு குழந்தைகளைப் பல விடுதிகள் ஏற்பதில்லை, வயது வரம்பையும் கேட்டுவிடுங்கள்.

மார்ச் 17, அயர்லாந்து மரபுத் திருநாளான புனித பேட்ரிக் நாள், நகரமே நிரம்பி வழியும். அந்த வாரம் விலை ஏறும், குறைந்தது இத்தனை இரவு என்ற நிபந்தனையும் வரும். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் காலம். 2016, 2017, 2019 ஆண்டுகளில் கட்டாய வெளியேற்ற உத்தரவே வந்தது. அப்படி நடந்தால் பணம் திரும்புமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். அறை வாடகைக்கு மேல் வரிகளும், மாநிலக் கட்டணமாக இரவுக்கு 5 டாலரும் சேரும்.

இரவு முழுக்க வரவேற்பறையில் ஆள் இருப்பது அரிது. வந்துசேரும் நேரத்தை முன்பே சொல்லி, தாமதமானால் கதவுக் குறியீட்டெண் கேட்டு வையுங்கள். காரோடு வந்தால் தெருப் பலகையைக் கட்டாயம் படியுங்கள். தெரு சுத்தம் செய்யும் நேரத்தில் நிறுத்தியிருந்தால் அபராதம்.

மின்சாரம் 120 வோல்ட். 100–240 வோல்ட் என்று அச்சிட்ட சார்ஜர் பிளக் அடாப்டரோடு வேலை செய்யும். நம் ஊர் 230 வோல்ட் கெட்டில் கால்பங்கு சக்தியில்தான் சுடும், அதை விட்டுவிட்டு வாருங்கள். ஊதுபத்தி, சூடம் கொளுத்தாதீர்கள். புகை எச்சரிக்கை மணி அடித்துவிடும்.

சைவ உணவுக்காரர்கள் பதிவு செய்யும்போதே முட்டை, பால் சேர்ப்பீர்களா என்பதுவரை தெளிவாகச் சொல்லுங்கள். 'வெஜிடேரியன்' என்ற ஒரு சொல் போதாது. மக்காச்சோள ரவையில் செய்யும் கிரிட்ஸ் பார்க்கச் சைவம். சில சமையலறைகளில் இறைச்சிச் சாற்றில் வேகும். 'பிஸ்கட்' என்று அங்கே சொல்லும் மென்மையான சிறு ரொட்டியில் பன்றிக் கொழுப்பும், கீரையில் பன்றி இறைச்சியும் சேர்வது தென்மாநில வழக்கம்.

முன்பு குதிரை வண்டி நிறுத்திய பின்புறக் கொட்டகை வீட்டு அறை கிடைத்தால், அங்கே முன்பு யார் வாழ்ந்தார்கள் என்று கேளுங்கள். அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு (1861–65) முந்தைய வீடுகள் பலவற்றில் அடிமைகளாக வைக்கப்பட்டவர்களின் இருப்பிடம் அதுதான். அருங்காட்சியகமாக உள்ள ஓவன்ஸ்–தாமஸ் இல்லத்தில் அந்தக் குடியிருப்பு இன்றும் நிற்கிறது. ஊர் பார்க்கும் முதல் நாளிலேயே அங்கே போய்விடுங்கள். தங்கும் வீட்டின் அமைப்பு அதன்பின் நன்றாக விளங்கும்.