கருவாட்டுப் பைக்கற்றுக்கு லேபல் அடிக்க முன்

கருவாட்டை நிறுத்துக் கடதாசியில் சுற்றிக் கொடுக்கும்வரை லேபல் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. அதையே பைக்கற்றில் போட்டு, வாயை ஒட்டி, திருகோணமலைக் கடைகளுக்கு விநியோகிக்கத் தொடங்கினால் அது முன்பொதியிட்ட உணவு. இலங்கையின் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டமும் அதன் கீழ் வந்த லேபல் விதிகளும் அப்போதிருந்து பொருந்தும். பெரும்பாலானோர் முதல் வேலையாக அச்சகத்துக்குத்தான் ஓடுகிறார்கள். உண்மையில் அது கடைசி வேலை. லேபலில் எழுத வேண்டியவற்றைப் பைக்கற்றும் தராசும் தீர்மானித்த பிறகுதான் அச்சு.

காலாவதித் திகதி

பக்கத்துக் கடைப் பைக்கற்றைப் பார்த்து ‘ஆறு மாதம்’ என்று போடுவதுதான் வழக்கமாக நடப்பது. அவருடைய உப்பும் வேறு, மீனும் வேறு, உறையும் வேறு. சூடை கொழுப்பு மீன்; காற்றுப் பட்டால் மஞ்சளித்துக் காறல் நாற்றம் எடுக்கும். கட்டா அதைவிட நாள் தாங்கும். இரண்டுக்கும் ஒரே திகதி போட முடியாது.

பருவத்தையும் பார்க்க வேண்டும். காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தண்ணீர் இழுக்கும். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்றில் காய்ந்து கலகலவென்று இருந்த கருவாடு, வாடைக் காலத்தில் நவம்பர், டிசம்பரில் கசகசக்கும். அதன்பின் மேலே சிவப்புப் படலம் படரும். அது உப்பை விரும்பும் பக்டீரியா. கடலுப்போடுதான் வருகிறது, துடைத்தால் போகாது. கபிலப் புள்ளிகள் தெரிந்தால் அது பூஞ்சணம்.

ஆகவே சோதனையை மாரியில் செய்யுங்கள். ஒரே தடவையில் தயாரித்து அடைத்த தொகுதியிலிருந்து 12 பைக்கற் எடுத்து, குளிர்சாதனப் பெட்டியில் அல்ல, கடைத் தட்டில் வையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒன்றைப் பிரித்து நிறை, நிறம், மணம், ஈரக்கசிவு நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். முதல் குறை 12ஆம் வாரம் தெரிந்தால் லேபலில் 8 வாரத்துக்கு மேல் போடாதீர்கள். கடைக்காரர் பைக்கற்றை வெயில் படும் இடத்தில் தொங்கவிடுவார் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

உறை

கருவாட்டுக்கு முள்தான் எதிரி. செட்டைகளையும் வாலையும் கத்தரிக்காமல் மெல்லிய பொலித்தீனில் அடைத்தால், பெட்டியில் அடுக்கும்போதே குத்திவிடும். காற்றை உறிஞ்சி அடைத்தால் இன்னும் மோசம். உறை மீனோடு இறுகி எல்லா முள்ளும் வெளியே வரப் பார்க்கும். உணவுக்கென்று விற்கும் தடித்த பல்லடுக்கு உறையே நல்லது. வெயிலில் இருந்து எடுத்த சூட்டோடு அடைத்தால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். நன்றாக ஆறட்டும்.

ஒட்டும் இடத்தில் உப்புத் தூளோ செதிலோ இருந்தால் மயிரிழை ஓட்டை விழும். வாயை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். ஒவ்வொரு தொகுதியிலும் ஒன்றிரண்டு பைக்கற்றை வாளித் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள். குமிழி வந்தால் சீலரின் சூடு போதவில்லை, அல்லது வாய் அழுக்கு. ஸ்டேப்ளர் கம்பி வேண்டவே வேண்டாம். கழன்றால் கறிக்குள்தான் போகும்.

நிறை

தேறிய நிறை என்பது மீன் மட்டும். உறை 6 கிராம் என்றால் 200 கிராம் பைக்கற் தராசில் 206 காட்ட வேண்டும். தராசுக்கு அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களத்தின் முத்திரை இருக்க வேண்டும். அதைக் காலந்தவறாமல் புதுப்பித்துக்கொள்ளுங்கள். அரைகுறையாகக் காய்ந்த மீனை நிறைக்காக அடைப்பவர்கள் உண்டு. அந்த இலாபம் சிவப்புப் படலமாகத் திரும்பி வரும்.

இனி லேபல்

சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் அடித்துவிடுங்கள். எழுத வேண்டியவை: உணவின் பொதுப்பெயர் (‘கருவாடு’ என்று மட்டுமல்ல, ‘உப்பிட்டு உலர்த்திய கட்டா’), தேறிய நிறை, உள்ளடக்கம், உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, தொகுதி இலக்கம், தயாரித்தவர் அல்லது பொதியிட்டவர் பெயரும் முழு முகவரியும், வைக்கும் முறை, ஆகக்கூடிய சில்லறை விலை. முகவரிக்குப் பதில் தொலைபேசி இலக்கம் மட்டும் போட்டால் போதாது.

உள்ளடக்கத்தை நிறையின் இறங்குவரிசையில் எழுதுங்கள்: மீன், உப்பு. மஞ்சள் தடவினால் அதுவும் வர வேண்டும். மீனும் இறாலும் ஒவ்வாமை தரக்கூடியவை என்பதால், ஒரே மேசையில் இறால் கருவாடும் அடைப்பவர்கள் அதைக் குறிப்பிட வேண்டும். தமிழ்ப் பெயர்களைச் சிங்கள எழுத்தில் ஒலிபெயர்த்து ஒப்பேற்றாமல், சிங்களம் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். நெத்தலிக்குச் சிங்களத்தில் சொல்வது ஹால்மெஸ்ஸோ.

விலையையும் இரண்டு திகதிகளையும் தொகுதி இலக்கத்தையும் அச்சகத்தில் அடிக்காதீர்கள். இடம் விட்டு வைத்து, அடைக்கும் அன்று பதியுங்கள். மீன் விலை ஏறியதும் பழைய விலையைச் சுரண்டி மேலே ஸ்டிக்கர் ஒட்டுவது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தில் மாட்டிவிடும். சாதாரண முத்திரை மை பொலித்தீனில் நிற்காது, மீனெண்ணெய் பட்டால் வழியும். காயும் வகை மையை வாங்கி, சுருங்கும் ஒட்டுவாயில் அல்லாமல் சமமான இடத்தில் பதியுங்கள்.

எஸ்.எல்.எஸ் என்னும் இலங்கைத் தர இலச்சினையும் ஹலால் சின்னமும் சான்றிதழ் கையில் இருந்தால் மட்டும். நோய் தீர்க்கும் என்ற வசனம் கூடவே கூடாது. ஒழுங்குவிதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், அச்சுக்குக் கொடுக்கமுன் மாதிரியை உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் காட்டுங்கள். ஆயிரம் லேபல் அடித்தபின் காட்டி என்ன பயன்?

ஒவ்வொரு தொகுதியிலும் இரண்டு பைக்கற்றைக் காலாவதித் திகதி கழியும்வரை வைத்திருங்கள். மீன் வாங்கிய நாள், உப்பு வாங்கிய இடம், எந்தக் கடைக்கு எத்தனை என்பதைத் தொகுதி இலக்கத்தோடு ஒரு கொப்பியில் எழுதுங்கள். கடையிலிருந்து முறைப்பாடு வந்தால், உங்களிடம் உள்ள பைக்கற் நன்றாக இருக்கிறதா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். அதுவும் கெட்டிருந்தால் அந்த இலக்கம் முழுவதையும் கடைகளிலிருந்து திருப்பி எடுக்க வேண்டும்.