வேலூர்ப் பக்கம் ஏஏ கூட்டத்தைக் கண்டுபிடிப்பது

கூகுள் மேப்பை மட்டும் நம்பிக் கிளம்பினால் பூட்டிய கேட்டில்தான் போய் நிற்க வேண்டியிருக்கும். ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) என்பது குடியை விட நினைப்பவர்கள் ஒன்றுகூடி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் குழு. இந்தக் கூட்டங்கள் பெரும்பாலும் இரவல் அறையில், சர்ச்சிலோ பள்ளியிலோ, ஒரு மணி நேரம் நடப்பவை. பெரிய போர்டெல்லாம் இருக்காது. எனக்குத் தெரிந்து நல்ல வழி, பாகாயம் சிஎம்சி மனநல மையத்திலோ அடுக்கம்பாறை அரசு மருத்துவமனை மனநலப் பிரிவிலோ சோஷியல் ஒர்க்கரைக் கேட்பதுதான். போதை மீட்புக்கான 14446 இலவச உதவி எண்ணிலும் விசாரிக்கலாம்.

கிழமை, நேரத்தோடு மூன்று கேள்வி: தமிழில் நடக்குமா? ஓப்பனா, க்ளோஸ்டா? குழு ஆள் யாருடைய நம்பராவது கிடைக்குமா? க்ளோஸ்ட் என்றால் குடிப்பழக்கத்தை விட நினைப்பவர்கள் மட்டும். வீட்டாரை உள்ளே விடமாட்டார்கள். அவர்களுக்கு அல்-அனான் என்ற கூட்டம் தனி. கிளம்புமுன் ஒரு போன் போட்டுவிடுங்கள், பண்டிகை நாளில் இடமோ நேரமோ மாறும்.

கட்டணம் கிடையாது. விருப்பப்பட்டவர் காசு போட ஒரு பை சுற்றி வரும், போடாவிட்டாலும் யாரும் கேட்கமாட்டார்கள். முதல் நாள் பேச வேண்டியதில்லை. தெரிந்த முகம் இருக்குமோ என்று குடியாத்தத்துக்காரர் கூசினால், வேறு ஊர்க் கூட்டத்தைக் கேட்கட்டும்.

தினமும் நிறையக் குடிப்பவர் கூட்டத்துக்காகத் திடீரென நிறுத்தக் கூடாது. முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், அடுத்து மனக்குழப்பம், இல்லாத உருவம் தெரிவது; உயிருக்கே ஆபத்து. முதலில் டாக்டர், பிறகு கூட்டம்.