கிளாசிக்கல் கிட்டாரில் மெலடி அறுந்துபோவது ஏன்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளாசிக்கல் கிட்டாரில் ஒரு சுரத்தை மீட்டிய கணமே அதன் ஒலி தேயத் தொடங்கிவிடுகிறது. வயலின் வாசிப்பவர் வில்லை இழுத்தபடியே ஒலியைப் பெருக்கலாம். பாடுபவர் மூச்சின் வலுவால் நீண்ட சுரத்தை வளர்க்கலாம். கிட்டாரிலோ விரல் தந்தியை விட்டு விலகிய பிறகு அந்தச் சுரத்தின் ஒலியளவைக் கூட்ட வழியே இல்லை. ஆகவே இந்தக் கருவியில் இழையோடும் மெலடியாக நாம் கேட்பது, தேய்ந்துகொண்டே போகும் தனித்தனிச் சுரங்களைச் செவி தானாகக் கோத்துக்கொள்வதால் பிறக்கும் ஒரு தோற்றமே ஆகும். பயில்பவர்களில் பலர் ஒவ்வொரு சுரமும் எப்படித் தொடங்குகிறது என்பதில் காட்டும் கவனத்தில் பாதியைக்கூட அது எப்படி முடிகிறது என்பதில் காட்டுவதில்லை. கீழே சொல்லப்படும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு கவனக்குறைவிலிருந்தே கிளைக்கின்றன.

இடக்கையின் அவசரம்

அடுத்த சுரத்துக்குத் தாமதமாகிவிடுமோ என்ற பதற்றத்தில் இடக்கை விரல் தான் பிடித்திருக்கும் சுரத்தை உரிய காலத்துக்கு முன்பே விட்டுவிடுவதுதான் மிகப் பரவலான தவறு. வாசிப்பவருக்கு இது பெரும்பாலும் தெரிவதே இல்லை; அவருடைய மனம் அதற்குள் அடுத்த சுரத்துக்குப் போய்விட்டிருக்கும். முதல் தந்தியின் (மிக மெல்லிய தந்தி) 1ஆம் ஃபிரெட்டிலிருந்து (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) 3ஆம் ஃபிரெட்டுக்கு ஏறும்போது சுட்டுவிரலை எடுக்க வேண்டிய தேவையே இல்லை. மோதிரவிரல் 3ஆம் ஃபிரெட்டில் அழுந்தும் வரை அது தன் இடத்திலேயே இருக்கலாம். இறங்கும்போது இன்னும் கூடுதல் முன்யோசனை தேவைப்படுகிறது. மோதிரவிரல் மேலெழும்புவதற்கு முன்பே சுட்டுவிரல் 1ஆம் ஃபிரெட்டில் உறுதியாக அமர்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டுக்கும் நடுவே திறந்த தந்தி ஒரு கணம் முனகும், அல்லது ஒலியே அற்றுப்போகும். சீராகத் தட்டிக் காலம் காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 50 தட்டு அளவில் வைத்து, இரண்டே சுரங்களை மாறி மாறி வாசித்து, நடுவில் வெறுமை விழுகிறதா என்று மட்டும் கேட்டுப் பார்ப்பது, வேகமாக ஸ்கேல் (சுரவரிசை) வாசிப்பதைவிடப் பயன் தரும் பயிற்சி.

கை ஓரிடத்திலிருந்து வேறிடத்துக்கு நகர வேண்டிய நேரங்களில் சிறு இடைவெளி தவிர்க்க முடியாதது. அதைக் காதுக்குப் பெரிதாக்கிக் காட்டுவது இரண்டு பழக்கங்கள் சேர்ந்து வருவதுதான்: புறப்படும் சுரத்தை வெட்டிவிடுவதும், போய்ச் சேர்ந்த சுரத்தைச் சேர்ந்துவிட்ட நிம்மதியில் ஓங்கி மீட்டுவதும். விரலின் அழுத்தத்தை மட்டும் தளர்த்தி, தந்தியின் தொடுகையை விடாமல், அதே தந்தியின் மீதே வழுக்கிச் சென்றால் நகர்வு குறுகும். கையும் வழி தவறாது. முதல் மூன்று நைலான் தந்திகளில் இது சத்தமின்றி நடக்கும். 4, 5, 6ஆம் தந்திகள் உலோகக் கம்பி சுற்றியவை என்பதால் அவற்றின் மீது வழுக்கினால் கிறீச்சென்ற ஒலி எழும். அங்கே விரலை மயிரிழை அளவு உயர்த்திவிட்டு நகர்வதே நல்லது. நகர்வுக்குச் சற்று முன்பு திறந்த தந்திச் சுரம் ஒன்று வந்தால், அது ஒலித்துக்கொண்டிருக்கும் நேரத்திலேயே கையை நகர்த்திவிடலாம். நகர்வை எந்த இடத்தில் வைப்பது என்பதும் நாமே தீர்மானிக்கக் கூடியதுதான். அரைச் சுர இடைவெளியில் நெருங்கி நிற்கும் இரண்டு சுரங்களுக்கு நடுவே நகர்வை வைத்துவிட்டு, அது வெட்டுப்படுகிறதே என்று வருந்துவதைவிட, பாடுபவர் மூச்சு வாங்கக்கூடிய இடத்துக்கு அதை மாற்றிவிடலாம்.

வலக்கை செய்யும் வெட்டு

இடக்கை எவ்வளவு பொறுமையாக இருந்தாலும் வலக்கை மெலடியை அறுத்துவிட முடியும். மீட்டுவதற்கு முன்பே விரலைத் தந்தியின் மீது வைத்துக்கொள்ளும் முறை தொடக்கநிலையில் கற்பிக்கப்படுகிறது. கட்டுப்பாட்டுக்கு அது நல்ல முறைதான். ஆனால் அதே தந்தியில் அடுத்த சுரத்தையும் மீட்டும்போது, அதிர்ந்துகொண்டிருக்கும் தந்தியை விரல் தொட்ட நொடியே ஒலி நின்றுவிடுகிறது. இந்தத் தொடுகை அரைத் தட்டு நீடித்தால் சுரமும் அரைத் தட்டு குறைந்துவிடும். தொடுதல், அழுத்துதல், விடுதல் என்ற மூன்றும் ஒரே அசைவாகச் சுருங்க வேண்டும். இதற்கு ஒரு நேர்வழி உண்டு. ஒரு ஸ்கேலை முதலில் வேண்டுமென்றே துண்டு துண்டாக, ஒவ்வொரு சுரத்தையும் விரலால் நிறுத்தி நிறுத்தி வாசிக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு சுற்றிலும் அந்த மௌனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். மௌனத்தின் நீளத்தை நம் விருப்பப்படி ஆளத் தெரிந்தால்தான் அதை இல்லாமலாக்கவும் தெரியும்.

உணர்ச்சி வேண்டும் என்றாலே அப்போயாண்டோ முறையில்தான், அதாவது மீட்டிய விரல் அடுத்த தந்தியில் சாய்ந்து நிற்கும்படிதான் வாசிக்க வேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். அதில் ஒலி திரட்சியாக வருவது உண்மையே. எனினும் விரல் சாயும் அந்தத் தந்தியில் துணைச் சுரம் ஏதாவது ஒலித்துக்கொண்டிருந்தால் அது அங்கேயே அணைந்துவிடும் என்பதை மறந்துவிடக் கூடாது. விரல் எதன் மீதும் சாயாத டிராண்டோ முறையிலும், தந்தியை வெளிப்பக்கமாகக் கொக்கி போட்டு இழுக்காமல், கருவியின் மேல்பலகையை நோக்கி உள்ளே அழுத்திவிட்டால், ஏறக்குறைய அதே திரட்சி கிடைக்கும். என் பார்வையில் ஒலி மெலிவாக இருக்கிறது என்ற குறைக்கு மருந்து முறையை மாற்றுவதில் இல்லை. இந்த உள்நோக்கிய அழுத்தத்திலும், சொரசொரப்பின்றித் தேய்த்து மெருகிட்ட நகத்திலும் இருக்கிறது.

தேய்வைக் கணக்கில் எடுக்காத ஒலியளவு

இழையோட்டத்தின் நுட்பம் முழுவதும் குவிந்திருக்கும் இடம் இதுதான் என்பேன். இரண்டு தட்டு நீளமுள்ள ஒரு சுரமும், அதைத் தொடர்ந்து ஒவ்வொரு தட்டுக்கு ஒன்றாக இரண்டு சுரங்களும் வருவதாக வைத்துக்கொள்வோம். மூன்றையும் ஒரே வலுவோடு மீட்டினால் சீராக இருக்கும் என்றுதான் தோன்றும். ஆனால் இரண்டாம் சுரம் பிறக்கும் நேரத்தில் முதல் சுரம் நன்றாகத் தேய்ந்திருக்கும். அதன் பக்கத்தில் முழு வலுவோடு வரும் சுரம், முந்தையதன் தொடர்ச்சியாகக் கேட்காமல், புதிதாக யாரோ கதவைத் தட்டியதுபோல் கேட்கும். முதல் சுரம் எந்த அளவுக்குத் தேய்ந்து நிற்கிறதோ அந்த அளவிலிருந்து இரண்டாவதைத் தொடங்கினால்தான் செவி இரண்டையும் ஒரே இழையாக ஏற்றுக்கொள்கிறது.

இதையே இடைவிடாமல் பின்பற்றினால் மெலடி படிப்படியாக அடங்கி, கடைசியில் காணாமலே போய்விடும் என்ற ஐயம் எழுவது நியாயம். அதனால்தான் நீண்ட சுரங்களைச் சற்றுக் கூடுதல் வலுவோடு தொடங்க வேண்டியிருக்கிறது: அவை தங்கள் முழு நீளத்துக்கும் தாக்குப்பிடிக்க வேண்டும். அவற்றுக்குப் பின் வரும் குறுஞ்சுரங்கள் தாழ்ந்த நிலையிலிருந்து ஒவ்வொரு படியாக ஏறி, அடுத்த நீண்ட சுரத்துக்கு வேண்டிய உயரத்தை மீட்டுத் தர வேண்டும். உயரச் சுரங்கள், குறிப்பாக முதல் தந்தியில் 12ஆம் ஃபிரெட்டை ஒட்டியவை, தாழ்ந்த சுரங்களைவிட விரைவாகத் தேய்வதால் இந்தக் கணக்கு உயரே போகப் போக மாறுகிறது. போதாததற்கு ஒவ்வொரு கிட்டாரிலும், அதன் உடல் இயல்பாக அதிரும் சுருதிக்கு அருகிலுள்ள சில சுரங்கள் மற்றவற்றைவிடத் துள்ளி ஒலித்துச் சட்டென அடங்கிவிடும். தன் கருவியில் அவை எவை என்று தெரிந்துவைத்திருப்பவர் அங்கே விரலை முன்கூட்டியே தளர்த்திக்கொள்வார்.

இந்தக் கருவியின் ஒலியளவு எல்லை சிறியது. ஓங்கி மீட்டி அதை விரிக்க முயல்பவர்களுக்குக் கிடைப்பது ஃபிரெட்டில் தந்தி மோதும் இரைச்சல் மட்டுமே. எல்லையை விரிக்க இடமிருப்பது மென்மையின் பக்கத்தில்தான்.

தந்தி மாறும்போது நிறம் மாறுவது

முதல் தந்தியைத் திறந்து மீட்டினால் கிடைக்கும் ஈ சுரம், இரண்டாம் தந்தியின் 5ஆம் ஃபிரெட்டிலும், மூன்றாம் தந்தியின் 9ஆம் ஃபிரெட்டிலும் கிடைக்கிறது. மூன்றின் சுருதியும் ஒன்றுதான், குரல்கள் வேறு. திறந்த தந்தி பளிச்சென்று ஒலிக்கும். அதை இடக்கை விரல் தொடாததால் சுருதியை மெல்ல ஏற்றி இறக்கி அசைக்கும் வழக்கமான வைப்ரேட்டோவும் அதில் செய்ய இயலாது. மூன்றாம் தந்தி முதல் தந்தியைவிடத் தடிமனான நைலான் என்பதால் அடர்ந்தும் சற்று மந்தமாகவும் ஒலிக்கும். எளிது என்ற ஒரே காரணத்துக்காகக் கீழ் ஃபிரெட்டுகளிலேயே எல்லாவற்றையும் வாசித்து, ஒரே இசைத்தொடருக்குள் பளிச்சென்ற திறந்த தந்தியையும் அழுத்திப் பிடித்த சுரங்களையும் மாறி மாறிக் கலப்பதால், நடுவில் பாடகரே மாறிவிட்டதுபோன்ற உணர்வு உண்டாகிறது. மெதுவாகச் செல்லும் இசைத்தொடரை இயன்றவரை ஒரே தந்தியில் வாசித்துப் பார்ப்பது நல்லது. வேகமான பகுதிகளில் இந்தப் பிடிவாதம் கையைத் தேவையின்றி அலைக்கழிக்கும்; அங்கே நிறம் சற்று மாறுவதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

இதற்கு நேர்மாறான தவறு ஒன்றும் இருக்கிறது: சுரங்களை வெட்டாமல் விட வேண்டும் என்று எண்ணி, முடிந்துபோன சுரத்தை ஒலிக்க விட்டுவிடுவது. திறந்த முதல் தந்தியின் ஈ சுரத்திலிருந்து இரண்டாம் தந்தியின் 3ஆம் ஃபிரெட்டில் உள்ள டி சுரத்துக்கு இறங்கும்போது, ஈ அணையாமல் தொடர்ந்தால் அடுத்தடுத்த இரண்டு சுரங்கள் ஒன்றாக ஒலித்து மெலடி கலங்கிவிடும். டி சுரத்தை அழுத்தும் விரலைச் சற்றே சாய்த்து, அதன் அடிப்பாகம் முதல் தந்தியைத் தொடும்படி வைத்தால் ஈ அடங்கிவிடும். இரண்டாம் தந்தியிலிருந்து முதல் தந்திக்கு ஏறும்போது அப்போயாண்டோவில் மீட்டிய விரல் இரண்டாம் தந்தியில் சாய்ந்து அதைத் தானாகவே அணைத்துவிடுகிறது. இறங்கும்போது அந்த உதவி கிடைக்காது. கலக்கம் பெரும்பாலும் இறங்குமுகத்தில் நேர்வதற்குக் காரணம் இதுவே.

வைப்ரேட்டோவும் காலமும்

நைலான் தந்தியில் வைப்ரேட்டோ தந்தியின் நீளப் போக்கிலேயே செய்யப்படுகிறது. விரல் நுனி ஃபிரெட்டுக்குப் பின்னே ஊன்றியிருக்க, கை பிரிட்ஜை (மேல்பலகையில் தந்திகள் கட்டப்பட்டிருக்கும் கட்டை) நோக்கிச் சாயும்போது ஒலிக்கும் பகுதியின் இழுவிசை குறைந்து சுருதி இறங்குகிறது. எதிர்ப்பக்கம் சாயும்போது ஏறுகிறது. சுருதி இருபுறமும் சமமாக அசைவதால் நடுச்சுருதி பிசகுவதில்லை. ஏறத்தாழ 5 முதல் 12ஆம் ஃபிரெட் வரை இது நன்றாகப் பலிக்கும். முதல் சில ஃபிரெட்டுகளில் பலன் மிகக் குறைவு என்பதால் அங்கே தந்தியைக் குறுக்காகத் தள்ளுகிறார்கள். அது சுருதியை ஏற்ற மட்டுமே செய்யும். இடக்கைக் கட்டைவிரலால் கழுத்தை இறுகப் பிடித்தபடி வைப்ரேட்டோ செய்ய முயல்வது வீண்; கைக்கு அசைய இடமே இருக்காது. எல்லாச் சுரங்களுக்கும் ஒரே வேகத்தில் அதைப் பூசுவதும், நீண்ட சுரம் தேய்ந்து முடியும் தறுவாயில் திடீரென நினைவு வந்து தொடங்குவதும் ஒரே அளவுக்கு இயந்திரத்தனமானவை.

காலத்தைப் பொறுத்தவரை, ஒவ்வொரு தாள அலகின் முதல் தட்டையும் அழுத்தி வாசிப்பது மெலடியைச் சம அளவுத் துண்டுகளாக நறுக்கிவிடுகிறது. இசைத்தொடர் எந்தச் சுரத்தை நோக்கிப் போகிறது என்பதை, கிட்டாரைக் கீழே வைத்துவிட்டுப் பாடிப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். குரல் இனிமையாக இருக்க வேண்டிய அவசியமில்லை. துணைச் சுரங்களோடு உரசி நிற்கும் சுரத்துக்குச் சற்று எடை கொடுத்து, அது தணியும் சுரத்தை மென்மையாக விடுவது பெரும்பாலான இடங்களில் பொருந்தும். ருபாட்டோ (உணர்ச்சிக்காகக் காலத்தை நெகிழ்த்துவது) என்ற பெயரில் விரலுக்குக் கடினமான இடங்களில் மட்டும் காலத்தை இழுப்பதைக் கேட்பவர் எளிதில் கண்டுகொள்வார். ஒரு பகுதியை மெட்ரோனோமோடு பிசகின்றி வாசிக்க முடிந்த பின்பு இழுக்கும் காலமே விருப்பத்தால் இழுத்ததாகும்.

துணைச் சுரங்கள் மெலடியை விழுங்குவது

ஆசிரியர் பெயர் தெரியாத 'ரொமான்ஸ்' என்ற புகழ்பெற்ற ஈ மைனர் படைப்பில், மும்மூன்றாக வரும் சுரங்களில் முதலாவது மட்டுமே மெலடி. அதை முதல் தந்தியில் மோதிரவிரல் மீட்டுகிறது. எஞ்சிய இரண்டும் நடுவிரலும் சுட்டுவிரலும் மீட்டும் நிரப்பு. வலுவும் பழக்கமும் குறைந்த விரலிடம் மெலடியும், வலுவான விரல்களிடம் நிரப்பும் அமைந்திருப்பதால் சமமாக மீட்டுவதாக எண்ணுபவரின் வாசிப்பில்கூட நிரப்பே மேலெழும். கட்டைவிரல் மீட்டும் பேஸ் சுரமோ நீண்ட நேரம் ஒலிக்கும் இயல்புடையது. தொடக்கத்தில் 7ஆம் ஃபிரெட்டின் பி சுரம் திரும்பத் திரும்ப வருவதை ஒரே எடையில் மீட்டினால் அது வெறும் எண்ணிக்கையாகிவிடும்.

இத்தகைய படைப்பில் மெலடியை மட்டும் தனியே, ஆனால் முழுப் படைப்புக்கு உரிய அதே விரல்வைப்போடும் அதே மோதிரவிரலாலும் வாசித்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பிறகு துணைச் சுரங்களை மெலடியின் பாதி ஒலியளவில் சேர்த்து இன்னொரு பதிவு எடுக்க வேண்டும். பதிவுக் கருவி இரண்டு மீட்டராவது தள்ளி இருப்பது நல்லது. கிட்டாரின் ஒலி முன்பக்கமாகப் பரவுவதால் பின்னாலிருந்து வாசிப்பவர் கேட்பதும் எதிரே இருப்பவர் கேட்பதும் ஒன்றாக இருப்பதில்லை. இரண்டாம் பதிவில் மெலடிச் சுரங்கள் முதல் பதிவைவிட மங்கிக் கேட்டால் வலக்கையின் சமநிலையைப் பார்க்க வேண்டும். மங்காமல் குறுகிக் கேட்டால், அடுத்த கார்டைப் (ஒன்றாக ஒலிக்கும் சுரங்களின் கூட்டு) பிடிக்கும் அவசரத்தில் இடக்கை மெலடி விரலையும் சேர்த்துத் தூக்கிவிடுகிறது என்று பொருள். அப்போது அந்த மாற்றத்தை மட்டும் பிரித்தெடுத்து, மற்ற விரல்கள் நகர மெலடி விரல் கடைசியாக எழும்படி மிக மெதுவாகப் பயில வேண்டும்.