நாவலோடு ஒரு கட்டுரை நூலும் எடுங்கள்

நாவல் ஒன்று எடுத்தால், அதே மண்ணைப் பற்றிய கட்டுரை நூல் ஒன்றையும் கூடவே வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் படியுங்கள். ஊர்களும் ஆட்களும் கதையிலேயே மனதில் பதிந்துவிடுவதால், பாதியில் மூடிவைக்கிற கனமான நூல்கூட மளமளவென்று நகரும். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' ஆடிப்பெருக்கன்று வீராணம் ஏரிக்கரையில் தொடங்குகிறது. அந்தச் சூட்டோடு நீலகண்ட சாஸ்திரியின் 'சோழர்கள்' நூலில் ஊர்ச்சபை, ஏரிகளைக் கவனித்துக்கொண்ட குழுவான ஏரி வாரியம் பற்றிய பகுதிகளைப் புரட்டுங்கள். கதாநாயகன் வந்தியத்தேவன் வியந்து பார்த்த ஏரிகளை அந்தக் காலத்தில் யார் பராமரித்தார்கள் என்பது பிடிபடும். கும்பகோணத்துத் தெருக்களில் நடக்கும் தி. ஜானகிராமனின் 'மோகமுள்'ளுக்கு, அவர் எழுத்தாளர் சிட்டியோடு சேர்ந்து எழுதிய பயண நூல் 'நடந்தாய் வாழி காவேரி'தான் ஜோடி. எனக்கு மிகவும் பிடித்த ஜோடியும் அதுவே.

காசும் மிச்சம்: கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையானவை, மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மற்றவற்றை நூலகத்தில் கேளுங்கள்.

கதையின் முடிவு முன்கூட்டியே தெரியக்கூடாது என்பவர்களுக்கு மட்டும் இது ஒத்துவராது. 'பொன்னியின் செல்வ'னில் வரும் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கதி என்ன என்பதை வரலாற்று நூல் நேராகவே சொல்லிவிடும். அவர்கள் நாவலை முடித்துவிட்டே அடுத்ததைத் திறக்கட்டும். அதே நாவலில் வரும் நந்தினியை வரலாற்று நூலில் தேட வேண்டாம், அவள் கல்கியின் கற்பனை.