கூலன்ட் விளக்கு மீண்டும் மீண்டும் எரிந்தால்

என் பழைய காரில் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) விளக்கு எரிந்தால் நான் முதலில் பார்ப்பது வெப்பநிலை முள்ளைத்தான். அது ஏறினால் உடனே வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிடுங்கள். சூடாக இருக்கும்போது கூலன்ட் தொட்டியின் மூடியையோ ரேடியேட்டர் மூடியையோ திறக்கவே கூடாது. கொதிநீர் பீறிட்டு முகத்தைப் பொசுக்கிவிடும்.

முள் ஏறவில்லையா? எஞ்சின் ஆறிய பிறகு, சமதரையில், தொட்டியில் கூலன்ட் நிற்கும் மட்டத்தைப் பேனாவால் குறியுங்கள். சில நாள் ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள். மட்டம் தொட்டியின் குறைந்தபட்சக் கோட்டுக்கு மேல் அப்படியே இருந்தும் விளக்கு எரிந்தால், மட்டத்தை உணரும் சென்சாரையும் அதன் இணைப்பையும் சந்தேகியுங்கள். பழைய வண்டிகளில் சென்சாரின் மிதவையில் கசடு படியும், இணைப்பின் முனைகளில் களிம்பு பிடிக்கும். சுத்தம் செய்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

மட்டம் இறங்கினால் கசிவுதான். குழாய்களின் கிளிப்புகள், ரேடியேட்டரின் ஓரங்கள், தண்ணீர் பம்பின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் காய்ந்த வண்ணக் கறை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். மூடியின் ரப்பர் தேய்ந்திருந்தாலும் கூலன்ட் வெளியேறும். காருக்குள் இனிப்பு வாடை அடித்து, காலடி விரிப்பும் ஈரமாக இருந்தால் ஹீட்டர் பகுதியில் கசிகிறது.

மட்டம் இறங்கியும் வெளியே எங்கும் கசிவே இல்லையென்றால் எனக்குக் கவலை கூடிவிடும். எஞ்சின் சூடேறிய பிறகும் வெண்புகை நிற்காவிட்டாலோ, எஞ்சின் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தாலோ ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல்பகுதிக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) போயிருக்கலாம். அப்போது வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கிடம் அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள்.